ராத்திரிக்கு வண்டியை எங்கே நிறுத்துவது?

படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள ஆர்.வி. எனும் வீட்டு வண்டியை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது திருடர்களைப் பற்றித்தான். கதவை உடைத்தால் என்ன செய்வீர்கள், தனியாகக் காட்டோரம் நிறுத்திவிட்டு எப்படித் தூக்கம் வருகிறது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிற எங்களுக்கு ராத்திரியில் வரக்கூடிய ஆபத்துகளை வரிசைப்படுத்தச் சொன்னால், திருடனுக்கு முன்னால் தண்ணீரையும் புகையையும் மண்ணையும் மரக்கிளையையும் எழுதுவேன். அவற்றுக்கும் முன்னால் ஓட்டுகிறவரின் களைப்பை எழுதுவேன். பகலில் பார்த்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய இடத்தை, இருட்டிய பிறகு பசியும் முதுகுவலியுமாக வந்து சேர்ந்தால் "சரி, ஒரு ராத்திரிதானே" என்று ஏற்றுக்கொண்டுவிடுவோம்.

அதனால் எங்கள் வண்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போதே இடத்தில் இருந்தாக வேண்டும். நேரம் பார்க்கக் கடிகாரம்கூட வேண்டாம். கையை நேராக நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் வைத்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் கொள்கிறது என்று பார்ப்பேன். ஒரு விரலுக்கு ஏறக்குறைய 15 நிமிடம். இரண்டு கையின் எட்டு விரல் அடங்கினால் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான்கு விரல்தான் என்றால் அடுத்து வரும் எந்த நல்ல இடமானாலும் நிறுத்திவிட வேண்டும், திட்டமிட்ட இடம் இன்னும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தாலும் சரி. அமெரிக்காவில் ஆர்.வி. ஓட்டுபவர்களிடையே மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், ஓர் இடத்தில் 3 ராத்திரி தங்கு. தூரத்திலும் நாட்களிலும் அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் அந்த மூன்று மணிக் கணக்கை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன்.

வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கிறது? இறங்கி நடக்கலாம். வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, நிறுத்தப் போகும் இடத்தை முதலில் காலால் நடந்து பார்க்க வேண்டும். குதிகாலை மண்ணில் அழுத்தித் திருகினால், அது கெட்டியா, மேலே மட்டும் காய்ந்து உள்ளே சேறா என்று தெரிந்துவிடும். தானே இன்ஜின் கொண்ட வீட்டு வண்டியான மோட்டார்ஹோமில் சிறியதே மூன்று டன்னுக்கு மேல் இருக்கும். பேருந்து அளவுள்ளவை பத்து டன்னைத் தாண்டும். அந்த எடை ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்று, நடுவில் மழையும் பெய்தால், காலையில் சக்கரம் பாதி புதைந்திருக்கும். அதைவிட முக்கியம் உள்ளே வரும் பாதை. களிமண் பாதை காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை மாதிரி இருக்கும், நனைந்தால் வழுக்கித் தள்ளும். வானிலை அறிக்கையில் மழை என்று ஒரு வார்த்தை இருந்தாலும் களிமண் பாதைக்குள் நாங்கள் இறங்குவதில்லை.

மட்டமும் பார்க்க வேண்டும். சாய்வில் படுத்தால் தலைவலி வரும் என்பது ஒரு பக்கம். பல ஆர்.வி.க்களில் எரிவாயுவில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் அம்மோனியா கரைசல் புவியீர்ப்பால்தான் சுற்றி வருகிறது. வண்டி நன்றாகச் சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைப்பட்டு, ஓர் இடத்திலேயே சூடேறி, ஃப்ரிட்ஜ் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். தரையில் ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குப் பலகை கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். வீட்டில் இருப்பது போன்ற கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அப்படியே காலடியில் என்ன கிடக்கிறது என்றும் பார்ப்பேன். கண்ணாடிச் சில்லு, அதுவும் சர்க்கரைக் கட்டி போலச் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தால், அது காரின் பக்கக் கண்ணாடி. அந்த இடத்தில் யாரோ யாருடைய வண்டியையோ உடைத்திருக்கிறார்கள். வட்ட வட்டமாக டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள் இருந்தால் வார இறுதி ராத்திரிகளில் அங்கே வண்டிச் சாகசம் நடக்கிறது. பாட்டில் குவியல், காலித் தோட்டா உறை எல்லாமே அங்கே வழக்கமாக வந்துபோகிறவர்கள் யார் என்று சொல்லிவிடும். ஊருக்குச் சற்று வெளியே, அழகான காட்சிமுனையில் போய் முடியும் சாலைகள் வெள்ளி, சனி ராத்திரிகளில் அமைதியாக இருக்கவே இருக்காது. வந்தவர்கள் கெட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நடுராத்திரியில் குடித்துவிட்டுக் கத்துகிற கூட்டத்துக்கு நடுவே அறிமுகமில்லாத ஒரு குடும்பம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி தண்ணீர். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரைகள்தான் நம்மை அதிகம் இழுக்கும் இடம். ஒருமுறை, பார்த்ததுமே என் கணவர் மயங்கிப்போன ஒரு கரை. மட்டமான மணல்திட்டு, பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், சத்தம் அவ்வளவு இதமாக இருந்தது. இவர் பலகையை எடுக்கவே போய்விட்டார். நான் திட்டின் ஓரத்துப் புதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த புல்லும் சுள்ளியும் ஒரு பிளாஸ்டிக் பையும் புதரில் சுற்றிக்கொண்டிருந்தன, என் இடுப்பு உயரத்தில். பக்கத்துப் புதரிலும் அதே உயரம். எல்லாப் புதர்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. "என்னங்க, இங்க வந்து பாருங்க. தண்ணி இது வரைக்கும் வந்திருக்கு" என்றேன். இவர் தன் இடுப்பில் கை வைத்து அளந்து பார்த்தார், பலகையைத் திரும்ப உள்ளே போட்டார். மேட்டில், சாலையோரம், ஆற்றுச் சத்தம் கேட்காத இடத்தில்தான் அன்றைக்குத் தூங்கினோம்.

இது அதிகப்படியான பயம் என்று நினைப்பவர்களுக்குச் சில தேதிகளைச் சொல்கிறேன். 1976 ஜூலை 31 மாலை, கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் மேல்மலையில் கொட்டிய மழை ஒரே வெள்ளமாக இறங்கி 144 பேரைக் கொண்டுபோனது. அது விடுமுறைக் காலம், ஆற்றோரம் முழுக்கக் கூடாரங்களும் சுற்றுலாப் பயணிகளும். 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினில் பியெஸ்காஸ் என்ற ஊரருகே ஒரு முகாம் திடலை மலையோடை அடித்துப்போனதில் 87 பேர் இறந்தார்கள். அது அனுமதி பெற்று நடந்த முகாம். மலையோடை சமவெளியைத் தொடும் இடத்தில் காலங்காலமாகக் கொண்டுவந்து விசிறி போல் விரித்த கல்லும் மண்ணும்தான் அந்தத் திடலின் தரையே. 2010 ஜூன் 11 விடிகாலை, ஆர்கன்சாவில் ஆல்பர்ட் பைக் முகாமில் தூக்கத்திலேயே வெள்ளம் சூழ்ந்து 20 பேர் போனார்கள். காசு கொடுத்துத் தங்கும் இடம், பெயர்ப்பலகை வைத்த இடம் என்பதால் தண்ணீர் விலகிப் போகாது என்று இவற்றைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

திடீர் வெள்ளத்தில் கொடுமையே, தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதும் அது வரலாம் என்பதுதான். மழை பெய்வது எங்கோ மேலே. ஓடுகிற தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. உயரமான பெட்டி போன்ற நம் வண்டிகள் தண்ணீருக்கு இன்னும் பெரிய பரப்பைக் காட்டுகின்றன. ஆகவே வறண்ட ஆற்றுப்படுகை, பாலத்தடி, இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம், இவை எதிலும் ராத்திரி நிறுத்தக் கூடாது. கடற்கரையானால் காய்ந்த கடற்பாசி எந்த வரிசையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஓதம் அதையும் தாண்டி ஏறலாம்.

மேலேயும் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். நிழலுக்காக மரத்தடியில் ஒதுங்குவது பழக்கம், ஆனால் ராத்திரிக்கு நிழல் எதற்கு? பட்டுப்போன கிளை காற்றே இல்லாமலும் விழும். ஆஸ்திரேலியாவின் ஆற்றோர யூகலிப்டஸ் மரங்கள் பச்சைக் கிளையையே திடீரென்று உதிர்ப்பதற்குப் பேர்போனவை. கோடையில் தரையும் கவனம். இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓடிவந்த சூட்டில் பல நூறு டிகிரியில் இருக்கும், முழங்கால் உயரக் காய்ந்த புல் மேல் அதைக் கொண்டுபோய் நிறுத்துவது தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம். காட்டுத்தீ வரும் பருவத்தில் வெளியேற இரண்டு வழி இல்லாத இடத்தை நாங்கள் தொடுவதே இல்லை.

அடுத்தது காற்று. ஐரோப்பாவில் பயணம் செய்பவர்களிடையே ரொம்ப நாளாக ஒரு கதை உலவுகிறது. கொள்ளையர்கள் ஜன்னல் வழியாக மயக்க வாயுவை உள்ளே விட்டு, எல்லாரும் மயங்கிய பிறகு திருடுகிறார்கள் என்று. பிரிட்டனில் மயக்க மருந்தியல் வல்லுநர்களின் ராயல் கல்லூரி இதை வெளிப்படையாகவே மறுத்திருக்கிறது. தூங்குகிறவர் விழிக்காமல் அப்படி ஒரு வண்டியை நிரப்ப முடியாது என்பது அவர்கள் நிலை. ஆனால் இந்தக் கதைக்குப் பயந்து மயக்க வாயுவைக் கண்டறியும் கருவி வாங்குகிற பலரின் வண்டியிலேயே, உண்மையில் ஆளைக் கொல்லக்கூடிய வாயு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்தும் சரியாக எரியாத ஹீட்டரிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கத்தில் தலை வலிக்கிறது என்று உணரக்கூட அவகாசம் தராது.

இடத் தேர்வுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. சுவரை ஒட்டி, அல்லது இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினால் புகை வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கும். நம் ஜெனரேட்டரை நாம் அணைத்துவிட்டாலும் பக்கத்து வண்டியுடையது ஓடிக்கொண்டிருக்கலாம், காற்று அந்தப் பக்கமிருந்து வீசலாம். பனி பெய்யும் இடங்களில் குவிந்த பனி புகைக்குழாயை அடைத்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் காற்று போக இடைவெளி வேண்டும், தூங்கப் போகுமுன் ஜெனரேட்டர் நிற்க வேண்டும், படுக்கை இருக்கும் பகுதியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். அந்த அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். எரிவாயுக் கசிவுக்கான அலாரம் வேறு. புரொபேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், அதனால் அந்தக் கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மனிதர்கள். இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி எங்களோடு பயணம் வரும் என் மாமியார். எங்கே நிறுத்தினாலும் அத்தையின் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரைக் கேட்டு இங்க நிறுத்தின?"

"போர்டு ஒண்ணும் இல்லைம்மா" என்பார் இவர்.

"போர்டு இல்லைன்னா சொந்தக்காரன் இல்லைன்னு ஆயிடுமா? போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

கேட்டுவிட்டு வரும்வரை அத்தை படுக்க மாட்டார். இதில் இருக்கும் சூட்சுமம் எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டால், அனுமதியோடு நிற்பவருக்கும் ஒளிந்து நிற்பவருக்கும் நெஞ்சு ஒரே மாதிரி அடிக்காது. கடைக்காரரிடமோ நிலத்துக்காரரிடமோ கேட்டுவிட்டால், நாம் அங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்காவது தெரியும். காவலர் வந்தால் சொல்ல ஒரு பெயர் இருக்கும். கேட்கும்போதே அந்த இடத்தைப் பற்றித் தகவலும் கிடைக்கும். "நிறுத்திக்கோங்க, ஆனா அந்த மூலை வேண்டாம், விடிகாலையில் சரக்கு லாரி வரும்" என்பார்கள். எந்த மேப்பிலும் இது இருக்காது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் கேட்பது இன்னும் அவசியம். டெக்சாஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை இருக்கலாம், கலிபோர்னியாவில் 8 மணி நேரம்தான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலங்களில் பெரும்பாலும் 28 நாள் காலகட்டத்தில் 14 நாள் தங்க விடுகிறார்கள். ஜெர்மனியில் ஓட்டும் தெம்பு திரும்பும்வரை சாலையோரம் ஒரு ராத்திரி தூங்கலாம், ஆனால் நாற்காலி போட்டு, வண்டியோடு இணைந்த துணிப் பந்தலை விரித்தால் அது முகாம் ஆகிவிடும். நார்வேயில் யாரும் எங்கும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்ற உரிமையை நம்பி மோட்டார் வண்டியோடு புல்வெளிக்குள் இறங்க முடியாது. நியூசிலாந்து 2023-இல் சட்டத்தைத் திருத்தி, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் தன்னிறைவு வண்டி, அதாவது வெளி வசதிகளை நம்பாமல் தங்கக்கூடிய வண்டி, என்று சான்று தருகிறது.

லாரிகள் நிற்கும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிச்சம், ஆள் நடமாட்டம், கழிப்பறை எல்லாம் இருப்பதால் நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் லாரிக்கென்று கோடு போட்ட இடத்தை நாம் பிடிக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி லாரி ஓட்டுநர் ஒரு பணிவேளையில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது. நேரம் முடிந்து, நிறுத்த இடமும் இல்லையென்றால் அவர் எங்கே போவார்? 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற லாரி ஓட்டுநர், சரக்கு இறக்கும் நேரம் வராததால், தெற்கு கரோலினாவில் ஒரு கைவிடப்பட்ட பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். 7 டாலருக்காக அங்கே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவி விடாமல் போராடியதன் பலனாக, லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் வேண்டும் என்ற 'ஜேசன் சட்டம்' 2012-இல் வந்தது. நமக்கு ஒரு ராத்திரி வசதிக்காக எடுத்துக்கொள்ளும் இடம் இன்னொருவரை அப்படி ஓர் இருட்டுக்குள் அனுப்பிவிடக் கூடாது. கார்களுக்கான பக்கமோ ஆர்.வி.க்கான பக்கமோ இருந்தால் நிற்போம், இல்லையென்றால் அடுத்த இடம்.

அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று: கைவிடப்பட்ட கட்டிடம் மறைவு தரும், பாதுகாப்புத் தராது. மூடிப்போன பங்க், பாழடைந்த கிடங்கு, பாதி கட்டி நின்றுபோன வளாகம், எல்லாம் ஒன்றுதான். யாராவது இருக்கும் இடம் வேண்டும், ஆனால் கூட்டம் வேண்டாம். இரண்டு மூன்று வண்டிகள் ஏற்கெனவே நிற்கிற திடலும், குரல் எட்டும் தூரத்தில் ஒரு வீடு இருக்கிற நிலமும் எனக்குப் பிடித்தவை.

இடம் முடிவானதும் வண்டியின் மூக்கு எப்போதும் வெளியே போகும் வழியைப் பார்த்துத்தான் நிற்கும். ரிவர்ஸ் எடுக்காமல், யாரும் கீழே இறங்காமல், சாவியைத் திருப்பினால் நேராகச் சாலைக்குப் போக வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் மூட்டை முடிச்சு வைக்கக் கூடாது. அறிமுகமில்லாத ஒரு ராத்திரி மட்டும் தங்கும் இடங்களில் பந்தலை விரிப்பதில்லை, சக்கரத்தடிப் பலகை தவிர வெளியே எதையும் வைப்பதில்லை. இழுத்துச் செல்லும் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் ஓட்டுநர் இருக்கைக்குப் போக வெளியே இறங்கித்தான் ஆக வேண்டும். அவர்கள் இடத் தேர்வில் இன்னும் ஒரு படி கறாராக இருப்பது நல்லது. கதவு தட்டினால் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசுங்கள். உண்மையான காவலர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படுக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நாங்கள் இருக்கும் இடத்தின் பெயர், சாலை எண், மைல்கல் அல்லது ஜி.பி.எஸ். எண் ஆகியவற்றை எழுதி டேஷ்போர்டில் வைப்போம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸை அழைக்கும்போது "எங்கே இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி, அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது. அத்தைக்கும் இந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். அதே விவரத்தை வீட்டில் ஒருவருக்குச் செய்தியாக அனுப்புவோம். படங்களைப் பொதுவில் போடுவது மட்டும் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகுதான்.

இரண்டாவது இடம் ஒன்றை மதியமே குறித்து வைத்திருப்போம், அரை மணி நேரத்தில் போய்விடக் கூடியதாக. அது கையில் இருந்தால் முதல் இடத்தை வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஒரு கார் வந்து விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நிற்கிறது, யாரும் இறங்கவில்லை. அல்லது காரணமே சொல்லத் தெரியாமல் ஒருவருக்கு மனசு சரியில்லை. மூவரில் ஒருவர் "கிளம்பலாம்" என்றால் மற்ற இருவரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். விவாதத்தை அடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காலையில் புறப்படும்போது பயணிகளுக்கான செயலியில் அந்த இடத்தைப் பற்றி நான் கட்டாயம் எழுதுவேன். "அருமையான இடம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த மாதம், என்ன கிழமை, ராத்திரி எத்தனை மணிவரை வண்டிகள் வந்தன, போன் சிக்னல் எத்தனை கோடு, பாதையில் எந்த இடத்தில் கிளை தாழ்வாக இருக்கிறது, மழை பெய்தால் எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். அடுத்து அங்கே சாயங்காலம் வந்து சேரப் போகிறவர் களைப்போடுதான் வருவார்.